நிமிராத தகடு

அறையில் மூன்று பேர். பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடியிலுள்ள பொறியியல் அலுவலகம் அது. கணினிக்கு நேர் எதிரே மீனலோசனி. சன்னலோரம், அறிக்கைகளில் கையெழுத்துப் போடும் மூத்த பொறியாளர் சிவசம்பு. கதவருகே, நாற்காலி நுனியில், கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து வந்த கிரேன் டிரைவர் தம்புசாமி.

நாலு வருஷத்துக்கு முன், 1990இல், அவர் ஓட்டிய கிரேனில் கொக்கியைத் தாங்கும் தகடு ஒடிந்தது. கீழே நின்ற ஆள் அங்கேயே செத்துப்போனார்.

சொன்ன எடைக்கு அந்தத் தகடு ஒடியாது, டிரைவர்தான் கூடுதலாகத் தூக்கியிருக்கிறார் என்றது அறிக்கை. தகட்டைக் கணினியில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போட்டவள் மீனலோசனி. அவளுக்கு வந்தது வரைபடமும் எடைப் பட்டியலும். ஆட்களின் பெயர் வரவில்லை.

டிரைவரின் லைசென்ஸ் போனது. வருஷத்துக்கு ஒரு தடவை தம்புசாமி வந்து, சொன்னதையே சொல்லிவிட்டுப் போவார்.

"ஒவ்வொரு தூக்குக்கும் கொக்கி கொஞ்சங் கொஞ்சமா சாஞ்சிச்சு மிஸ். சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன், ஓகே லா, தூக்குன்னாரு."

"அவர் சொல்லுறபடியே கணக்கை ஒருக்கா ஓட்டிக் காட்டி அனுப்பு பிள்ளை," என்றார் சிவசம்பு. "அடுத்த வருஷ பஸ் காசாவது மிஞ்சட்டும்."

ஓட்டினாள். விபத்து நாள் பட்டியலில் இருந்த பதினெட்டுத் தூக்கும், ஒரே தகட்டில், ஒன்றன்பின் ஒன்றாக.

முதல் பாரம் ஏறி இறங்கியது. திரையில் தகடு நிமிர்ந்தது, முழுசாக அல்ல. மயிரிழை வளைவு அப்படியே தங்கிவிட்டது. எல்லை தாண்டி வளைந்த இரும்பு பழைய வடிவத்துக்குத் திரும்பாது. அவள் படித்த முதல் பாடமே அதுதான்.

அடுத்த பாரம் அந்த வளைவின் மேல் ஏறியது. பாரத்தின் மையம் விலகியது. இன்னும் வளைந்தது.

ஏழு. பத்து. பதினாலு.

பதினெட்டில், கொக்கி மாட்டும் துளையோரம் திரையில் முழுக்கச் சிவந்து, தகடு ஒடிந்ததாகக் காட்டி, கணக்கு அதற்குமேல் நகராமல் நின்றது.

எடை, பட்டியலில் இருந்த அதே எடை. ஒரு கிலோ கூடவில்லை.

பழைய கோப்பைப் பிரித்தாள். அதிலும் பதினெட்டுத் தூக்குதான். ஆனால் ஒவ்வொன்றையும் வளையாத, புத்தம் புதுத் தகட்டில் ஏற்றியிருந்தாள். தனித்தனியாக ஓட்டினால் சீக்கிரம் முடியும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

திரையைச் சிவசம்பு பக்கம் திருப்பினாள்.

சிவசம்பு எழுந்து வந்து பார்த்தார். அறிக்கை பிழை, டிரைவர் மேல் குற்றமில்லை என்று லைசென்ஸைப் பறித்த இலாகாவுக்கு ஒரு கடிதம் டைப் ஆனது. படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டார்.

"இன்னொரு காப்பி தரட்டுமா அங்கிள்? லைசென்ஸ் கேட்கும்போது காட்டலாம்," என்று தம்புசாமியிடம் கேட்டாள் மீனலோசனி.

"லைசென்ஸ் கெடக்கட்டும் மிஸ். தமிழ்ல ஒன்னு எழுதிக் குடுங்க. செமினி ஊர்ல இருக்குற இராஜம்மாவுக்கு."

"யாரு அவங்க?"

"என் தம்பி பொண்டாட்டி." தம்புசாமி தன் கைகளைப் பார்த்தார். "அன்னைக்குக் கீழ நின்னவன் என் தம்பி."

மீனலோசனி தமிழில் கடிதம் எழுதிப் பல வருஷம். 'மதிப்பிற்குரிய' என்று தொடங்கி, அதை அடித்துவிட்டாள்.

உங்கள் கணவரின் சாவுக்கு அவர் அண்ணன் காரணமல்ல, தவறு என் கணக்கில், என்று எழுதினாள். கீழே தன் பெயரை முழுசாகப் போட்டாள். உறையை ஒட்டி, யாரிடமும் கொடுக்காமல், தெருமுனைத் தபால் பெட்டியில் தானே போட்டாள்.