கழுதைக்குக் கட்டின சரிவு

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துப் பழைய சத்திரம் இப்போது அருங்காட்சியகம். வாசல் முழுக்கப் படிகள். ஓரத்தில், கயிறு கட்டி மறித்த கல் சரிவு ஒன்று. ஜலீலா சக்கர நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, அதுல ஏறக்கூடாது! முந்நூறு வருஷத்துக் கல்லு. சக்கரம் பட்டா தேஞ்சுடும்," என்றார் காவலாளி முக்தார்.

"வழி விடு, வழி விடு!" என்ற கழுதைக்காரனின் சத்தத்தோடு சுமை ஏற்றிய கோவேறு கழுதை வந்தது. முக்தார் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

"அது மட்டும் போகலாமா?"

"அதுங்களுக்காகக் கட்டினதுதானேம்மா!"

ஜலீலாவுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. "என்ன சுமை?"

"'எல்லாருக்கும் அருங்காட்சியகம்'னு இன்னைக்கு விழா. சிறப்பு விருந்தாளியோட படம் போட்ட பதாகை."

கழுதை ஏறிய குலுக்கலில் பதாகை அவிழ்ந்து தொங்கியது. அதில், சக்கர நாற்காலியில் அமர்ந்து ஜலீலா சிரித்துக்கொண்டிருந்தாள்.

முக்தார் பதாகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விடுங்க. நான்தான் உள்ள போயிட்டேனே," என்றவள், நாற்காலியை வீட்டுப் பக்கம் திருப்பினாள்.