வெள்ளை முளை

கேரவன் கிளப் தளத்தின் வரவேற்பறை ஜன்னலுக்கு முன்னால் மால்கம் நின்ற தோரணை, தீர்ப்பு நாளுக்கு வந்தவருடையது. கைதியாக வந்திருக்கிறாரா, நீதிபதியாக வந்திருக்கிறாரா என்பதுதான் தெரியவில்லை.

அவருக்குப் பின்னால் கார். காருக்குப் பின்னால், அது இழுத்துவந்த சக்கர வீடான கேரவன்.

சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு மோட்டல். அதன் பலகை இங்கிருந்தே வாசிக்கும் அளவுக்குப் பெரியது: இருவருக்கு அறை, ஒரு ராத்திரிக்கு முப்பத்தொன்பது பவுண்டு.

மூன்று வருடத்துக்கு முன்னால் மால்கம் கேரவன் கிளப்பின் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். சொந்தக் கட்டிலைச் சொந்தப் பெட்ரோலில் இழுத்துப் போய்ப் புல்தரையில் நிறுத்துவதற்கு, மோட்டல் அறையைவிட ஒரு பென்னி கூடுதலாகக் கேட்கும் நாளில் கேரவனை விற்றுவிடுவேன் என்று. பத்திரிகை அதை அவருடைய படத்தோடு போட்டது.

படத்தோடு அச்சான வாக்கை மீறுகிற ஆள் அல்ல அவர். வாங்குவதற்குப் பக்கத்துத் தெருவில் ஆளும் தயார். ஞாயிறுதோறும் வந்து டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்.

மனைவி ஹிலரி காரை விட்டு இறங்கி, முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். முப்பது வருடமாகக் கேரவனைத் திட்டிவருபவர். முதல் பதினைந்து வருடம் மழைக்காக, அடுத்த பதினைந்து முதுகுக்காக.

"அங்க பாரு மால்கம். அங்கெல்லாம் கட்டில் நாள் பூரா கட்டிலாவே இருக்கும். காலையில எந்திரிச்சு அதை மேஜையாக்க வேண்டியதில்ல."

"பொறு. இப்பத் தெரிஞ்சுடும்."

ஜன்னல் திறந்தது. தளத்தைப் பார்த்துக்கொள்ளும் ட்ரேசிக்கு யார்க்‌ஷரில் பிறந்த எல்லோரையும்போல உலகமே 'கண்ணு'தான். லாரி டிரைவரும் கண்ணு, பாதிரியாரும் கண்ணு.

"வாங்க கண்ணு. பயணமெல்லாம் சௌகரியமா?"

"பயணம் கிடக்கட்டும். போன வருஷம் முப்பத்தஞ்சு வாங்கினீங்க. குளியலறையில தங்கக் குழாய் ஏதும் போட்டிருக்கீங்களா?"

"குழாய் அதேதான் கண்ணு. அதுல வர்ற தண்ணிக்குத்தான் விலை ஏறிடுச்சு."

"புல்லுக்கு?"

"வெட்டுற ஆளுக்கு ஏறிடுச்சு."

"சரி, விஷயத்துக்கு வாம்மா. ஒரு ராத்திரிக்கு எவ்வளவு?"

ட்ரேசி கணினித் திரையைப் பார்த்தார். தேவைக்கு மேலேயே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீங்க குடுக்க வேண்டியது முப்பத்தெட்டு."

மால்கம் திரும்பி மோட்டல் பலகையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"கொள்ளை" என்றார். அந்த வார்த்தையை அவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லி அந்த ஜன்னல் கேட்டதில்லை. "பட்டப்பகல் கொள்ளை. ஆனா ஒரு பவுண்டு கம்மியாப் போச்சே. என்ன செய்யறது ஹிலரி, வாக்குன்னா வாக்கு. இங்கதான் தங்கியாகணும்."

"வாக்கு உன்னுது, முதுகு என்னுது."

அட்டையைத் தேய்த்துப் பணத்தைக் கட்டிவிட்டு, சீட்டியடித்தபடியே மால்கம் காருக்குப் போனார்.

அவர் கதவைச் சாத்தும்வரை காத்திருந்து ட்ரேசி, அங்கேயே நின்ற ஹிலரியை நோக்கி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"அசல் விலை நாப்பத்தாறுன்னு தெரிஞ்சா என்ன ஆகும் கண்ணு?"

இடத்தை ஹிலரிதான் கைபேசியில் பதிவு செய்திருந்தார். முன்பணம் கட்டும் பழக்கத்தைக் கிளப் இந்த வருடம்தான் கொண்டுவந்திருக்கிறது. கைபேசியைத் தொடாத மால்கமுக்கு அந்தச் சேதி எட்டியிருக்கவில்லை. ராத்திரிக்கு எட்டு பவுண்டு வீதம் ஹிலரி தன் கணக்கிலிருந்து முன்னாலேயே கட்டிவிட்டார்.

"நாளைக்கே வித்துடுவாரு."

"நல்லதாப் போச்சுன்னு விட வேண்டியதுதானே? உங்க முதுகுக்கும் ஒரு மெத்தை கிடைச்சிருக்கும்."

ஹிலரி கோட்டுப் பையிலிருந்து தோல் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டு, அவர்களுக்கு ஒதுக்கிய இடத்தை நோக்கி நடந்தார். முதுகைப் பிடித்துக்கொள்ள மறந்துபோயிருந்தார்.

ஒவ்வொரு இடத்துக்கும் தரையில் ஒரு வெள்ளை முளை அடித்திருக்கும். கேரவனின் பின்மூலை அதையொட்டி நிற்க வேண்டும் என்பது கிளப்பின் விதி. ஓட்டுகிறவருக்கு முளை தெரியாது. காரின் பக்கக் கண்ணாடியில் தெரிவது பின்னால் நிற்கும் மனைவி மட்டும்தான்.

அக்கம்பக்கத்து வண்டிகளிலிருந்து ஆட்கள் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்து, வானத்தைப் பார்ப்பதுபோல் நின்றார்கள். அடுத்தவர் வண்டியைப் பின்னால் எடுப்பதைப் பார்ப்பதற்குக் கிளப் இன்னும் கட்டணம் வைக்கவில்லை.

வீட்டு ஹீட்டரை எத்தனையில் வைப்பது என்பதிலிருந்து மகளுக்கு என்ன பெயர் என்பதுவரை, மால்கம் எதிலும் ஹிலரியின் பேச்சைக் கேட்டதில்லை. வழி தவறினால்கூட அவர் தவறிய வழிதான் சரியான வழி.

ஹிலரி இடது கையைத் தூக்கினார். ஒன்றரை டன் கேரவன் இடதுபக்கம் திரும்பியது.

வலது கையைத் தூக்கினார். வலதுபக்கம்.

உள்ளங்கையை மெல்ல அசைத்தார். மெல்ல வந்தது. விரல்களை முஷ்டியாக மடக்கினார். நின்றது.

முதல் முயற்சியிலேயே முளைக்கு நேரே. எதிர்வரிசைக்காரர் கைதட்டுவதற்காகக் கோப்பையைப் புல்லில் வைத்தார்.

மால்கம் கார் ஜன்னலில் தலையை நீட்டினார். "சரியா இருக்கா?"

ஹிலரி குனிந்து பார்த்தார். மூலைக்கும் முளைக்கும் நடுவே ஒரு விரல் நுழைய இடமில்லை.

"கோணலா இருக்கு" என்றார். "முன்னாடி போய் மறுபடி வா."

மால்கம் மறுபேச்சில்லாமல் முன்னால் போனார்.