வேலியோரம் நிற்கும் டாக்ஸி

"ஸ்டாண்டுல நாள் பூரா நிக்குது, ஒரு முனகல் கெடையாது. இங்க கொண்டாந்து போட்டா மட்டும் ஊரைக் கூட்டுதுலே!"

கோகுல்ராஜ் தன் டாக்ஸியைச் சுற்றிச் சுற்றி வந்தான். மெக்கானிக் டேனி அவசரப்படவில்லை. வேலிக் கம்பியில் தொங்கிய பழைய எண்ணெய் டின்னைக் கழற்றி, ஸ்பேனர்களை அதற்குள் போட்டுக்கொண்டு, பானட்டைத் தூக்கினான்.

"அலாரம் எப்பெப்பக் கத்துது?"

"பொழுது சாயுறப்ப ஒரு தடவ. விடியுறதுக்கு முன்ன, வெள்ளனே ஒரு தடவ. கீழ வீட்டுலேர்ந்து மேடேறி ஓடியாந்து பாத்தா, ஈ காக்கா இருக்காது."

"ரெண்டும் மேகம் எறங்குற நேரம். ஈரம் ஏறியிருக்கும்."

டேனி ஒயர்களை ஒவ்வொன்றாக நிமிண்டிப் பார்த்தான். ஈரம் இல்லை. எலி கடித்த தடமும் இல்லை. பேட்டரி புதிது.

"நீ மாட்டுன அலாரம்தானே, உனக்கே தெரியலையா?"

"நான் மாட்டுனது எதுவும் காரணமில்லாமக் கத்தாது" என்றான் டேனி விறைப்பாக. "இம்புட்டு ஏன் பதறுற? ஒயரப் புடுங்கிட்டாச் சோலி முடிஞ்சது."

"முந்துன வண்டிய ரோட்டு வளைவுல போட்டப்ப பேட்டரியத் தூக்கிட்டுப் போனானுங்களே, மறந்துட்டியா? அதுக்குத்தானே அலாரமே. இங்க எடம் கெடச்ச பெறகுதான் நிம்மதியாத் தூங்குறேன். இப்ப இந்த எடத்துக்கே ஆபத்து வந்துரும் போல."

பேத்துப்பாறை மலைச்சரிவில் கோகுல்ராஜின் வீட்டுக்குக் கார் இறங்காது. அந்தப் பக்கத்தில் ஒரு வண்டி நிற்கிற அளவுக்குச் சமதரை என்றால், அது ராக்காயியின் பீன்ஸ் தோட்டத்து வேலியோரம்தான். தீபாவளிக்கு முன் ஒருநாள், ஒரே ஒரு ராத்திரி போட்டுக்கொள்வதாகக் கேட்டு வண்டியை அங்கே நிறுத்தினான். அன்று கைமறதியாக ரிமோட்டை அழுத்தி, அலாரம் தெருவையே எழுப்பிவிட்டது. காலையில் திட்டு விழும் என்று பயந்துகொண்டே போனான். ராக்காயியோ, "தெனமும் இங்கயே போடுங்க தம்பி" என்றாள். வாடகை என்று வாயெடுத்தால் காபியை நீட்டினாள்.

"அவங்க வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்குறாங்கலே" என்று குரலைத் தாழ்த்தினான் கோகுல்ராஜ். "ஆனா நேத்து, 'இது சரியாப் போயிருமா தம்பி'ன்னு மொகம் வாடிக் கேட்டாங்க. அதுக்கு மேலயும் நாம சும்மா இருக்கலாமா?"

ராக்காயியே காபியோடு வந்துவிட்டாள். இருவருக்கும் கொடுத்துவிட்டு எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, எதாச்சும் தெரிஞ்சுச்சா?"

"உள்ள ஒண்ணுமில்லக்கா" என்றான் டேனி. "பானட்லதான் அங்கங்க சின்னச் சின்னதா நெளிஞ்சு கெடக்கு. மேல இருந்து என்னமோ விழுந்திருக்கு."

"பேரிக்காயா இருக்கும்" என்றாள் ராக்காயி சட்டென்று.

மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். தை மாதத்துப் பேரிக்காய் மரத்தில் காய் என்ன, இலைகூட இல்லை.

"அப்பக் கொரங்கு பண்ணுன வேலையா இருக்கும்" என்று முணுமுணுத்தாள்.

"எதுக்கும் வண்டிய வீட்டுச் சுவத்துப் பக்கமாத் தள்ளிப் போட்டுப் பாப்பமாக்கா?" என்று கேட்டான் டேனி.

"அய்யோ, வேணாம். வேலியோரமே நிக்கட்டும். இங்கன்னாத்தான் எங்க வீட்டு ஜன்னல்லேர்ந்து தெரியும். ஒரு காவல் வேணாமா?"

கோகுல்ராஜுக்கு மனசு இளகிவிட்டது. "பாத்தியாலே, இவங்களப் போயி தூங்க விடாமப் பண்றோம். கவலப்படாதீங்கக்கா, இன்னையோட இந்தத் தொல்லைய ஒழிச்சிடுறோம்."

"எனக்கொண்ணும் தொல்ல இல்ல தம்பி. காதுக்குப் பழகிப்போச்சு."

"நீங்க நல்ல மனசுல சொல்றீங்க. டேனி, புடுங்குலே ஒயர!"

டேனி ஒயரை உருவினான். பானட்டை மூடிக் கதவைப் பூட்டினான். டயரை உதைத்தான். கண்ணாடியில் தட்டினான். கடைசியில் பானட்மேல் ஒரு குத்து விட்டான். வண்டி சாதுவாக நின்றது. கோகுல்ராஜின் முகத்தில் பல நாள் கழித்துச் சிரிப்பு வந்தது.

"ஓங்கித் தட்டுனாலும் கத்தாதா?" என்று கேட்டாள் ராக்காயி.

"இடியே விழுந்தாலும் கத்தாதுக்கா."

அவள் தன் பீன்ஸ் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டின்னிலிருந்த ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். முந்தானையால் டின்னைத் துடைத்து, பழையபடி வேலிக் கம்பியில் மாட்டினாள். பக்கத்தில் ஒரு குச்சியையும் செருகினாள்.

"அப்ப நாளைலேர்ந்து வண்டிய வேற எடத்துல போட்டுக்கங்க தம்பி."

கோகுல்ராஜ் திகைத்துப்போனான். "ஏங்க்கா? அதான் இனிமே சத்தமே வராதே!"

"அதனாலதான் சொல்றேன்" என்று அவள் கைநீட்டிய ஜன்னல் திட்டில், ஒரு சட்டி நிறையக் கூழாங்கல் இருந்தது. "காட்டுமாடு வேலிக்கிட்ட வந்துச்சுன்னா, அங்கிருந்து வண்டிமேல ஒண்ணு விடுவேன். இது போடுற கூப்பாட்டுல மாடு மலையேறிரும். தீபாவளிலேர்ந்து ஒரு செடி போகல. கத்தாத வண்டிய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? இனி விடிய விடிய டின்னத் தட்ட வேண்டியதுதான்."

டேனி விழுந்து விழுந்து சிரிக்க, "சிரிக்காம ஒயர மாட்டுலே, வெரசா!" என்று அதட்டிய கோகுல்ராஜ், சாவிக்கொத்திலிருந்து இன்னொரு ரிமோட்டைக் கழற்றி ராக்காயியின் கையில் வைத்தான்.

"கல்லு வேணாங்க்கா, பானட்டு பாவம். மாடு வந்தா இந்தச் சேப்புப் பட்டன அமுக்குங்க."