கூரையைப் பார்த்த வாய்

கல்யாண ஊர்வலங்களில் பேண்டுக்காரரின் தோளைச் சுற்றிக்கொண்டு முழங்கிய பெரிய பித்தளை ஊதுகருவியான கிழட்டுச் சூசபோனுக்கு, கச்சேரி மண்டபத்தில் ஒருநாளாவது உட்கார வேண்டும் என்று ஆசை. அங்கே கோலோச்சிய, தன் இனத்து ஊதுகருவியான ட்யூபாவிடம் போய் நின்றது.

"குரல் பரவாயில்லை," என்றது ட்யூபா. "ஆனால் உன் வாய் ஜனங்களைப் பார்க்கிறதே. மண்டபத்து வித்வான்கள் நாங்கள் கூரையைப் பார்த்துத்தான் ஊதுவோம்."

"கூரையில யாருங்க இருக்காங்க?"

"கேள்வி கேட்கிறவனுக்கு இங்கே இடமில்லை."

சூசபோன் பட்டறைக்குப் போய், வலியைப் பொறுத்துக்கொண்டு கழுத்தை மேல்நோக்கித் திருப்பிக்கொண்டு வந்தது. முதல் கச்சேரியில் உயிரைக் கொடுத்து ஊதியது. கீழே ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். உத்தரத்தில் இருந்த புறா மட்டும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. அடுத்த நொடி, சூசபோனின் விரிந்த வாய்க்குள் சொத்தென்று எச்சம் விழுந்தது.

பதறிப்போன சூசபோனை ட்யூபா அதட்டியது: "துடைக்காதே. இங்கே நமக்குக் கிடைக்கிற பாராட்டு அதுதான்."