துடைப்பத்தின் மைனஸ் எஃப்

"மேடம், ஆறு மாசமா நம்ம எல்லார் காதுலயும் பூ சுத்தியிருக்காரு இந்த மனுஷன்!"

அச்செடுத்த இரண்டு தாள்களோடு டீம் லீடர் மேனேஜர் அறைக்குள் நுழைந்தார். பின்னாலேயே புரோகிராமர் வந்து, கைகட்டி நின்றார். அவருக்கு ஒப்பந்த வேலை. அதை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கும் கடிதம் மேனேஜர் மேசையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

"என்ன விஷயம்?"

"வேண்டாத ஃபைலை அழிக்க 'துடைப்பம்'னு சின்னதா ஒரு புரோகிராம் சி மொழியில எழுதிக் கொடுத்தாரே, அதுல மைனஸ் எஃப்னு சேர்த்து அடிச்சா, 'நிஜமா அழிக்கவா?'ன்னு நொய்நொய்னு கேட்காம அழிக்கணும். நான் கேட்டு வாங்கின வசதி மேடம் அது. இன்னைக்கு அந்தப் புரோகிராமைப் பிரிச்சுப் பார்த்தா, மைனஸ் எஃப்புக்கு நேரா அழிக்கிற வரியே இல்ல! எல்லாத்தையும் கொண்டுபோய் ஒரு மறைவான ஃபோல்டர்ல பதுக்குது. இங்க டிஸ்க் நிரம்பி வழியுது."

டிஸ்க் நிரம்பியதற்காகப் போன வாரம் திட்டு வாங்கியவர் லீடர்தான். பழி போட ஆள் சிக்கியதில் அவருக்கு உள்ளூர ஒரே குஷி.

மேனேஜர் புரோகிராமரைப் பார்த்தார். "உண்மையா?"

"ஆமா மேடம். முப்பது நாள் வச்சிருந்து அப்புறம் அதுவே அழிச்சுடும். யாராவது அவசரத்துல தப்பா அழிச்சுட்டா..."

"யாரு அப்படி அழிச்சது? பேரைச் சொல்லுங்க."

புரோகிராமர் தரையைப் பார்த்தார். "சும்மா... ஒரு முன்ஜாக்கிரதைக்குத்தான் மேடம்."

"பார்த்தீங்களா, எப்படி முழிக்கிறாருன்னு!" என்றார் லீடர். "சொல்றது ஒண்ணு, செய்யறது ஒண்ணு. இவரை எப்படி மேடம் நம்பறது?"

மேனேஜர் அந்தக் கடிதத்தை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். "இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம். அந்த ஃபோல்டரை இப்பவே காலி பண்ணிடுங்க."

லீடர் பக்கத்திலேயே நின்று காலி பண்ண வைத்தார்.

"உள்ள ஒரு தடவை பார்த்துட்டு சார்..." என்று இழுத்தார் புரோகிராமர்.

"குப்பையில பார்க்க என்ன இருக்கு? அழிங்க!"

அழித்தாயிற்று. லீடர் வெற்றி வீரராகத் தன் இருக்கைக்குப் போனார்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. வியர்க்க விறுவிறுக்கப் புரோகிராமரிடம் திரும்பி ஓடி வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நாளைக்கு மேடம் மீட்டிங்குக்குக் கேட்ட அறிக்கையைக் காலையில கை தவறி மைனஸ் எஃப் போட்டு அழிச்சுட்டேன். போன மாசம், அதுக்கு முந்தின மாசம் எல்லாம் யாருக்கும் தெரியாம எடுத்துக் கொடுத்தீங்களே, அதே மாதிரி இந்த ஒரு தடவை..."

"அதெல்லாம் அந்த ஃபோல்டர்ல இருந்துதான் சார் எடுத்தேன்."

லீடர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி! மேடம் கேட்டப்பவே இதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொல்லியிருக்கலாம் சார். ஆனா மேடம் கேட்டது பேரையாச்சே... உங்க பேரை நான் எப்படிச் சொல்வேன்?"