முனகும் வண்டி

“இது வண்டியா, தகர டப்பாவா? நீயே சொல்லு, டார்லா!”

பட்டறை வாசலில் அந்தப் பெரிய பைக்கை நிறுத்திவிட்டுக் கத்தினார் வெண்டல். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை. அவ்வளவு கோபம்.

டார்லாவுக்குத் திக்கென்றது. குளிர்காலம் முழுக்க அவள் மாடாய் உழைத்தது இந்த வண்டிக்குத்தான். “ஓபலைப் பின்னால உக்கார வச்சு ஊர் ஊராப் போகணும். அவளுக்கு அலுங்கவும் கூடாது, இரையவும் கூடாது” என்று வெண்டல் கேட்டிருந்தார். மனைவி மேல் அவருக்கு அத்தனை பிரியம். ஹேண்டில்பார் பேரிங், ஷாக் அப்சார்பர், டயர், சைலன்சர் என்று ஒன்று விடாமல் மாற்றி, முன் கண்ணாடியையும் உயர்த்திக் கொடுத்திருந்தாள்.

“போன மாசம் எடுத்துட்டுப் போறப்ப பட்டு மாதிரி ஓடுதுன்னீங்களே?”

“ஓடுச்சு, போன வாரம் வரைக்கும். இப்ப முனகுது. எஞ்சினுக்குள்ள எவனோ நறநறன்னு பல்லைக் கடிக்கிறான். கண்ணாடி ஓரமா காத்து ஊளையிடுது. பத்தாததுக்கு வளைவுல திரும்பினா தள்ளாடுது!”

“எங்கயாவது கீழ போட்டீங்களா?”

“என்னைப் பாத்தா வண்டியைக் கீழ போடற ஆளாத் தெரியுதா? வேலை சரியில்லம்மா. வீட்டுல ஃப்ரிட்ஜும் இதே மாதிரிதான் முனகுது. இந்தக் காலத்துல எவன் ஒழுங்கா வேலை செய்யறான்? சனிக்கிழமை கிளப்புல நான் வாயை மூடிட்டு இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

ஓசார்க் மலைப்பக்கம் பெரிய பைக் வைத்திருக்கிற அத்தனை பேரும் சனிக்கிழமை காலை கிளப்பில்தான் பிஸ்கட் ரொட்டியும் கிரேவியும் சாப்பிடுவார்கள். வெண்டல்தான் தலைவர். அவர் அங்கே வாயைத் திறந்தால் அவள் பட்டறையை மூட வேண்டியதுதான்.

“சாவியைக் கொடுங்க.”

மலைச்சாலையில் பாலம் வரை ஓட்டிப் போய்த் திரும்பினாள். சாய்த்த பக்கமெல்லாம் வண்டி சொன்ன பேச்சுக் கேட்டு வந்தது. சத்தம் என்று சொல்லவே ஒன்றுமில்லை. ஆனாலும் நிம்மதி வரவில்லை. இருக்கிற கோளாறைச் சரி செய்யலாம், இல்லாத கோளாறை என்ன செய்வது?

“ஒரு குறையும் இல்லையே, பெரியவரே.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“அப்படிச் சொல்வேனா? இருங்க, ஸ்பேனர் எடுத்துட்டு வரேன்.”

உள்ளே போய், அடுக்கி வைத்திருந்த டயர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “கெழட்டுக் கழுதை” என்று உதட்டுக்குள் முணுமுணுத்தாள். இருபது வருடமாக வெண்டல் மேல் வருகிற கோபத்தை அவள் இப்படித்தான் ஆற்றிக்கொள்வாள். ஒரு நாளும் வம்பு வந்ததில்லை.

“யாரு கழுதை?” வாசலிலிருந்து குரல் வந்தது.

டார்லாவின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவித் தரையில் விழுந்தது.

“இ... இந்த ஸ்பேனரைச் சொன்னேன்!”

“மெதுவா வைக்கக் கூடாதா? மண்டை கிழியுது!”

டார்லா அசடு வழிய வெளியே வந்தாள். “எங்க, நீங்க ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க, பாப்போம்.”

வெண்டல் ஏறி உட்கார்ந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்து எஞ்சினை உற்றுக் கேட்டபடி, தெருவில் ஊர்ந்தார். எதிர்வீட்டு நாய் அவரை நடந்தே முந்திப் போனது. ஹேண்டில்பார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

“ஏன் இப்படி ஊர்றீங்க? இவ்ளோ கனமான வண்டி, வேகமாப் போனாத்தான் ஆடாமப் போகும். ஊர்ந்தா தள்ளாடத்தான் செய்யும்.”

“உள்ள நறநறங்குறப்ப எப்படிம்மா வேகமாப் போறது? நடு ரோட்டுல ஏதாவது கழண்டுகிட்டா? பின்னால ஓபல் உக்காந்திருப்பா.” வெண்டலின் குரல் தணிந்தது. “உண்மையைச் சொன்னா பயமா இருக்கு, டார்லா. வித்துடலாமான்னு கூட நினைச்சேன்.”

டார்லாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. பாவமாக இருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தாள். தள்ளாட்டத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது. சத்தத்துக்கு? போன வாரத்திலிருந்து வண்டியில் எதுவுமே மாறவில்லை. அப்படியென்றால் வேறு எதுவோ மாறியிருக்கிறது.

அவர் தலையை ஏறிட்டுப் பார்த்தாள். வந்ததிலிருந்து அந்த ஹெல்மெட் இறங்கவே இல்லை. டார்லாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“ஹெல்மெட்டைக் கழட்டுங்க.”

“எதுக்கு? முடி கலைஞ்சிடும்.”

“இருந்தாத்தானே கலையும்? கழட்டுங்க.”

தெருவில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, வெண்டல் வேண்டா வெறுப்பாகக் கழற்றினார்.

“சனிக்கிழமை கிளப்புல என்ன சொல்லப் போறீங்க?” என்றாள் டார்லா.

“நீ முதல்ல வண்டியைச் சரி பண்ணு.”

“வண்டி பட்டு மாதிரிதான் ஓடுது, பெரியவரே. இதை மட்டும் கொஞ்சம் குறைச்சு வைங்க” என்று, அவர் காதுக்குள் ஒளிந்திருந்த புத்தம்புது காது மிஷினைத் தொட்டுக் காட்டினாள்.

வெண்டல் வண்டியைப் பார்த்தார். “அப்பாடா!” என்று ஒரு பெருமூச்சு விட்டார். முகமெல்லாம் சிரிப்பானது. சட்டென்று அந்தச் சிரிப்பு நின்றது.

“இரு, இரு... அப்ப நான் இங்க வர்ற இந்த இருபது வருஷமா என் முதுகுக்குப் பின்னால கழுதைன்னா சொல்லிட்டிருந்தே?”