ஒரு பொட்டுச் சந்தனம்

“இழுத்த மூச்சு உள்ள நிக்க மாட்டேங்கு” என்றான் சாலமோன், காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டபடி.

பிரம்மநாயகியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். “பொழைச்சிருமா?”

“எசமானியம்மா, இது மோட்டார். பொழைக்காது. ஓடும்.”

டில்லியில் முடிசூட்டு தர்பார் நடந்த மறுவருஷம். ஆழ்வார்குறிச்சி அம்பலவாண பிள்ளையிடம் இருந்ததுதான் சுற்றுவட்டாரத்துக்கே ஒரே மோட்டார். அதை ஓட்டத் தெரிந்தவனும் சாலமோன் ஒருவன்தான். பட்டணத்தில் போய்க் கற்றுக்கொண்டு வந்தவன். வந்த நாளிலிருந்து அவன் யாரோடும் பேசுவதில்லை, அறிவிப்பதோடு சரி.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, பிள்ளையையும் அவர் மனைவி பிரம்மநாயகியம்மாளையும் ஏற்றிக்கொண்டு மோட்டார் வீட்டை விட்டுக் கிளம்பியது. ஊர் எல்லை வாய்க்கால் மதகுவரை வந்து, இரண்டு தடவை இருமி, அடங்கிவிட்டது. அம்பாசமுத்திரத்தில் மத்தியான ரயிலுக்குச் சம்பந்தி வந்து இறங்குகிறார். மோட்டாரில் அழைத்துப் போவதாகப் பிள்ளை ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.

“ஏலே சாலமோன், இன்னைக்கு இது ஓடல்லன்னா தூத்துக்குடி வியாபாரிட்ட தள்ளிவிட்டுருவேன். நீ பழையபடி மாட்டு வாலைப் பிடிச்சுக்கிட்டுப் போ.”

சாலமோன் முன்பு ஓட்டிய மாடுகளை இப்போது ஓட்டுகிற கைலாசம் வண்டியோடு அங்கேயே வந்து நின்றான். “கயிறு கொண்டாந்திருக்கேன்வே. இதுக்குக் கொம்பு எங்க இருக்குன்னு காட்டும், கட்டிருதேன்.”

மாட்டோடு பேசுகிறவனுக்கு மோட்டார்க்காரன் பதில் சொல்வதா? சாலமோன் கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்து என்ஜின் மூடியின் பூட்டைத் திறந்தான். பூட்டு அவன் ஏற்பாடு. இந்த ஊர்க் கைகளை அவன் நம்புவதில்லை. வண்டி நிற்கும் நேரமெல்லாம் சாவி அவன் வீட்டில், வேதப்புத்தக மாடத்துக்கு மேலே ஆணியில் தொங்கும். அவன் மனைவி தேவமணிகூட தூசு தட்டுகிற சாக்கில் அதைத் தொடக்கூடாது என்பது உத்தரவு.

பெட்ரோல் இருந்தது. பொறியும் வந்தது. கைப்பிடியைச் சுற்றினான். ஒரு சிலிண்டர் கையை எதிர்த்து முட்டித் தள்ளியது. மற்றது வெறுங்குடமாய் விட்டுக்கொடுத்தது. குனிந்து பார்த்தான். என்ஜினுக்குப் பக்கவாட்டில் வால்வுக் கம்பிகள் வரிசையாக நின்றன. கைப்பிடி சுற்றச் சுற்ற அவை ஒவ்வொன்றாய் எழும்பி இறங்கவேண்டும். ஒன்று மட்டும் எழும்பினது எழும்பினபடியே நின்று, மூச்சை வெளியே விட்டது.

அதன் இடுக்கில் மஞ்சளாக ஏதோ காய்ந்து, சூட்டில் செங்கல்லாகியிருந்தது. சுரண்டி மூக்கில் வைத்தான். சந்தனம்.

சாலமோன் மெதுவாக நிமிர்ந்தான். நேற்றுப் பூஜையில் பிரம்மநாயகியம்மாள் சக்கரம், விளக்கு, ஊதுகுழல் ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்து, மோட்டாரைச் சடங்கான பெண்ணாக்கியிருந்தாள். அதையே அவன் கர்த்தரை நினைத்துப் பொறுத்துக்கொண்டிருந்தான்.

“வெளிய வச்சது பத்தாதுன்னு உள்ளயும் வச்சிட்டியளோ?”

“மூடிக்குள்ள நான் கையே வைக்கல்ல.”

“அப்போ சந்தனம் தானா நடந்து போயிருக்கும்.”

இரும்பைக் கண்டாலும் பூசு, மரத்தைக் கண்டாலும் பூசு என்று அலைகிற ஜென்மங்கள். இவர்களுக்கு மோட்டார் எதற்கு? ஒரு அம்மிக்கல் போதாதா? மனசுக்குள் வைதுகொண்டே இடுக்கில் மண்ணெண்ணெய் விட்டான். குறட்டால் கம்பியைப் பைய முறுக்கி, மரக்கட்டையால் தட்டினான். கம்பி சடக்கென்று இறங்கியது. கைப்பிடியை ஒரு சுற்று. மோட்டார் உறுமிய உறுமலில் கைலாசத்தின் மாடுகள் வண்டியோடு வாய்க்காலில் இறங்கிவிட்டன.

“ஏறுலே, ரயிலு வந்துரும்!” என்றார் பிள்ளை.

சாலமோன் ஏறவில்லை. “முதல்ல நியாயம், எசமான். என் பிழைப்பே போயிருக்கும். சந்தனம் வச்சது யாரா இருந்தாலும் மோட்டார் முன்னால காதைப் பிடிச்சுத் தோப்புக்கரணம் போடணும். அப்பத்தான் இந்த ஊருக்குப் புத்தி வரும்.” யார் என்று அவன் சொல்லவில்லை. பிரம்மநாயகியம்மாளைத் தவிர வேறு பக்கம் பார்க்கவும் இல்லை.

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். “போடட்டுமே! வச்சவ போடட்டும். அவ புருசனும் கூடச் சேர்ந்து போடட்டும். சரிதானா?”

“எனக்கு முட்டுவலி” என்றார் பிள்ளை அவசரமாக.

பட்டுக்கரை வேட்டியோடு எசமான் உட்கார்ந்து எழுவதைச் சாலமோன் ஒரு கணம் மனக்கண்ணில் பார்த்தான். பட்டணத்தில்கூட இப்படி ஒரு காட்சி கிடைத்ததில்லை. “சத்தியமா, எசமானியம்மா. சேர்ந்தே போடட்டும்.”

கைலாசம் மாடுகளை மறந்துவிட்டுக் கரையேறி, எண்ணுவதற்கு வசதியாக விரலை மடக்கிக்கொண்டு நின்றான்.

அப்போது கஞ்சிக் கலயத்தோடு தேவமணி மூச்சிரைக்க ஓடிவந்தாள். “வண்டி நின்னுபோச்சுன்னு சொன்னாக. உங்களுக்கு ஒண்ணும் ஆகல்லையே? இந்த நெருப்பு வண்டில நீங்க ஏறுதப்பல்லாம் எனக்குப் பயமா இருக்கு.”

“பயமா இருந்தா ஜெபம் பண்ணுன்னு எத்தனை தடவ சொல்லுதேன்?” என்றான் சாலமோன், நாலு பேர் கேட்க. “இவுகள மாதிரி நாமளும் அலையவா?”

தேவமணி சக்கரத்தடியில் கிடந்த மஞ்சள் துகளைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த குறட்டைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஜெபமும் பண்ணுனேன், சந்தனமும் வச்சேன்.”